மடி இல்லாதவர்கள்

ஹேக் நகரத்தில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசலில், அட்டையைக் காட்டினால் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். என் கையோ அதற்கு முன்பே பையைத் திறந்து கவிழ்க்கப் பார்க்கும். முதல் வாரம் கவிழ்த்தே விட்டேன். காவலர் பதறி ஓடிவந்து, இந்த ஊர்ப் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால், "மெஃப்ராவ், எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று குனிந்து என்னோடு சேர்ந்து தேடினார். பேனாவும் சீப்பும் தரையில் கிடந்தன. சோதனைக்காகக் கொட்டினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அம்மா எங்கள் ஊரான கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிறவள். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். சாயங்காலம் எஸ்டேட் கேட்டில் பெண்கள் வரிசையாக நின்று சேலை மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒருநாள் ஒரு அக்காவின் மடியிலிருந்து நாலைந்து காய்கள் விழுந்தன. இருட்டும்வரை அவளை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். அவள் கண்ணெதிரிலேயே முதலாளியின் மச்சான் வண்டி, பின்சீட்டில் ஏலக்காய் மூட்டையோடு, நிற்காமல் போனது. கேட்டைத் திறந்துவிட்டவர் சலாம் வைத்தார். திரும்பும்போது ஜீப்பில் அம்மா, "வண்டியில போறவுகளுக்கு ஏதுடி மடி?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சட்டமும் படித்தேன், அதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. எல்லா வண்டியையும் நிறுத்துகிற கேட் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று நம்பித்தான் சர்வதேச நீதிமன்றங்கள் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். போர்க்குற்றங்களுக்குச் சாட்சியம் திரட்டும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. போன வாரம் இரண்டு அறிக்கைகள் எழுதினேன். இரண்டு வேறு நாடுகளில் இரண்டு மருத்துவமனைகள். இரண்டிலும் குண்டு விழுந்து, படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள் செத்துப்போனார்கள். இரண்டையும் போர்க்குற்றம் என்றே எழுதினேன். மேலதிகாரி மரைக்கெ இரண்டாவதில் மட்டும் அந்தச் சொல்லை அடித்து, 'வருந்தத்தக்க சம்பவம்' என்று மாற்றினார். அந்தக் குண்டைப் போட்டது இங்குள்ளவர்களுக்கு வேண்டிய நாடு.

"சட்டம் ஒன்றுதானே?" என்றேன்.

"ஒன்றுதான். நேரம்தான் சரியில்லை" என்றார். பிறகு புன்னகையோடு, "உன் ஒப்பந்தத்தை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், இல்லையா?" என்று கேட்டார்.

அது அக்கறையா, மிரட்டலா? இந்த ஊர்ப் புன்னகை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வேலை போனால் விசாவும் போகும். அன்றிலிருந்து கைபேசி அடித்தால் அலுவலகமா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அம்மாவிடம் போனில் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "வேல போச்சுன்னா இங்கன வந்து என்ன செய்வ? ஒனக்குப் பிஞ்சு எது, பழம் எதுன்னே தெரியாது. ரெண்டாம் நாளே கண்காணி வெரட்டிருவான்" என்று சிரித்தாள். அப்புறம் குரல் இறங்கியது. "செத்தவுக என்ன ஆளுக ஆத்தா?"

"நம்மள மாதிரி ஆளுகதான்."

"பெறகு என்னத்தக் கேக்குற?" என்றாள். அவளுக்கும் பயம்தான். போனை வைக்காமல் மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தாள்.

நேற்று 'போர்க்குற்றம்' என்ற சொல்லைத் திரும்ப வைத்து, என் பெயரோடு மரைக்கெவுக்கு அனுப்பிவிட்டேன். இன்று காலை வாசலில் அட்டையைக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. நாளைக்கும் எரியுமா, தெரியாது. காவலர் எழுந்து, "போங்கள், மெஃப்ராவ்" என்று வழிவிட்டார். இங்கே நான் வண்டியில் போகிறவள். எனக்கு மடி கிடையாது. உள்ளே காலை வைத்தேன். கை மட்டும், யாரும் கேட்காமலே, பையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தது.