இரண்டு படுக்கை

காரைக்குடியில் சொந்தக்காரர்கள் யார் கல்யாணச் சாமான் வாங்கக் கிளம்பினாலும், பில் போடுகிற இடத்தில் மீனாட்சிசுந்தரம் முன்கூட்டியே வந்து நிற்பார். வெள்ளிக் குத்துவிளக்கோ, பட்டுப்புடவையோ, பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற எவர்சில்வர் அண்டாவோ, எதுவானாலும் சரி. "இருங்கப்பா, நம்ம கார்டைத் தேச்சிருவோம். காசை எனக்குப் போன்ல அனுப்பிவிடுங்க" என்பார். நூறடி ரோட்டில் சொந்தமாகப் பெயிண்ட் கடை வைத்திருக்கிற மனுஷன், அதைப் பூட்டிவிட்டு அடுத்தவர் கடையில் காத்துக் கிடந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? பங்காளி முத்துக்கருப்பன் ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். "அண்ணே, தாலிக்குப் பொன் வாங்குற அன்னைக்காவது எங்களக் காசு குடுக்க விடுங்க!"

எல்லாம் மைலுக்காகத்தான். கார்டைத் தேய்த்தால் பாயிண்ட் வரும், பாயிண்டை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் மைல் ஆகும், மைலைக் கொடுத்தால் டிக்கெட் வரும். அந்தப் பாயிண்டைக் கொடுத்து மிக்ஸி வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதாரண சீட்டுக்குச் செலவழிப்பதும் அவர் பார்வையில் வீண்தான். நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற பிசினஸ் கிளாஸ் சீட்டைக் காசு கொடுத்து நம்மைப் போன்றவர்கள் வாங்க முடியாது, மைல் கொடுத்தால் முடியும், அங்கேதான் மைலுக்கு மதிப்பு என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் படுக்கை மேல் ஆசை ஒன்றும் கிடையாது. மனைவி கண்ணம்மைக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்காரத்தான் முடியாது. நிற்பாள், நடப்பாள், படுப்பாள். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டேதான் முடிப்பாள். மகள் சௌபர்ணிகாவோ மெல்போர்னில் இருந்தாள். இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி ஆத்தா வீட்டுக்கு வர வேண்டியவள், விமானத்தில் ஏறக் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டதால் வர முடியவில்லை. "ஆத்தா, நீங்க பக்கத்துல இல்லாம எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் போனில் அழுத அன்று கண்ணம்மை அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். மீனாட்சிசுந்தரம்தான் போனை வாங்கினார். "நீ ஏண்டி அழுகுற? ஒங்க ஆத்தாவும் நானும் படுத்துக்கிட்டே வந்து எறங்குவோம் பாரு" என்றார்.

இரண்டு படுக்கைக்கான மைல் கையில் இருந்தது. ஆனால் மைலுக்கென்று கம்பெனிக்காரன் விடுகிற சீட்டு எப்போதாவதுதான் கண்ணில் படும். தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போனைத் திறந்து பார்த்தார். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன நேரத்தில், ஒரு திங்கட்கிழமை, அவர்களுக்கு வேண்டிய தேதியிலேயே இரண்டு சீட்டு பளிச்சென்று தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரை தாண்டியிருந்தது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம்.

வேறு ஒருவனாக இருந்தால் அமுக்கிவிட்டு அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பான். கடைக்குப் புது ஏணி வாங்குவதற்கே நேரம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். அது மட்டுமில்லை. கண்ணம்மையின் ஆபரேஷனுக்குக் குறித்த நேரம் ராகு காலம். டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு அன்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த நேரம்தான் ஞாபகம் வரும். பிள்ளை பெறப்போகிற மகளைப் பார்க்கப் போகிற பயணம். இதிலும் அதே தப்பைச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது அடித்ததும் எடுத்துப் பார்த்தார். ஒரு சீட்டுதான் இருந்தது.

அதைக் கண்ணம்மையின் பெயரில் போட்டார். அதே விமானத்தில் கடைசி வரிசைக்குப் பக்கத்தில், காசு கொடுத்துத் தனக்கு ஒரு சாதாரண சீட்டு வாங்கினார். பிறகு அடுப்படி வாசலில் போய் நின்று, "ரெண்டும் கெடச்சிருச்சு" என்றார். கண்ணம்மைக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அன்று சாயங்காலத்துக்குள் கோவிலூர்ச் சொந்தம் வரைக்கும் போன் போட்டு, ரெண்டு பேரும் படுத்துக்கிட்டே போறோம் என்று சொல்லி முடித்துவிட்டாள். இனி அவர் வாயைத் திறக்க முடியுமா?

சிங்கப்பூர் வரைக்கும் எப்படியோ சமாளித்தார். "எம் படுக்கை பின்னாடி இருக்கு, நீ இங்குட்டுப் படு" என்று அவளை முன்னால் விட்டுவிட்டு நழுவினார். அங்கே விமானம் மாறி, விளக்கை அணைத்த பிறகு, இரண்டு தடியர்களுக்கு நடுவில் முழங்கால் முன்சீட்டில் இடிக்க உட்கார்ந்திருந்தார். தோளை யாரோ தொட்டார்கள். நிமிர்ந்தால் கண்ணம்மை. கையில் அவளுக்குக் கொடுத்த தலையணை.

"இதுதான் ஒங்க படுக்கையா?"

"இது... கொஞ்சம் சாயும்" என்றார் மீனாட்சிசுந்தரம்.

"நல்லாச் சாயுது. ஏன் சொல்லல? நா வரமாட்டேன்னு நெனச்சீகளாக்கும்?"

"வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

அதற்கு மேல் மறைக்க அவருக்குத் தெம்பில்லை. ராகு காலத்தைச் சொன்னார். ஆபரேஷனையும் சொன்னார். பக்கத்தில் இருப்பவர்கள் தூங்குகிறார்கள் என்பதையும் மறந்து, "அன்னைக்கே நா டாக்டர்கிட்ட நேரத்த மாத்தச் சொல்லியிருந்தா ஒனக்கு இப்படி ஆகியிருக்காது" என்றார். இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லாத பேச்சு அது. கண்ணம்மை நடைபாதையில் நின்றபடியே கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி நா எப்படி இருந்தேன்னு மறந்து போச்சா? கட்டில விட்டு எறங்க முடிஞ்சுச்சா என்னால? அந்த டாக்டர் வச்ச நேரத்துலதான் நா எந்திரிச்சு நடந்தேன். இந்தா, அங்கேருந்து இங்க வரைக்கும் ஒங்களத் தேடி நடந்துல்ல வந்திருக்கேன்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவளும் பார்த்தாள். தலையணையை அவர் கழுத்துக்குப் பின்னால் செருகினாள். நீக போய்ப் படுங்க, நா இங்க நிக்கிறேன் என்றாள். அவர் கேட்கவில்லை. பணிப்பெண் வந்து, போய் ஓய்வெடுங்கள் என்று சாடை காட்டி அவளை முன்னால் கூட்டிப்போனாள். ஆனாலும் இரண்டு மூன்று தடவை திரைச்சீலை விலகியது. ஒவ்வொரு தடவையும் கண்ணம்மைதான். முதுகுக்கு நடந்தால் நல்லது என்று பணிப்பெண்ணிடம் சாக்குச் சொல்லிவிட்டு வந்து, அவர் சீட்டின் மேல் கையை ஊன்றி நின்றுவிட்டுப் போனாள்.

மெல்போர்னில் சௌபர்ணிகா நிறைவயிற்றோடு விமான நிலைய வாசலில் நின்றிருந்தாள். ஆத்தாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் அப்பா பக்கம் திரும்பினாள். அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினார்.

"என்ன அப்பச்சி, கழுத்துக்கு என்ன? படுத்துக்கிட்டுத்தான வந்தீக?"

கண்ணம்மை முந்திக்கொண்டாள். "ரெண்டு பேரும் மகாராசா மாதிரி படுத்துக்கிட்டுத்தான் வந்தோம். ஒங்க அப்பச்சிக்கு அந்தத் தலையணை ஒத்துக்கல, கழுத்தப் பிடிச்சிருச்சு."

மருமகன் காரை எடுத்துவர, கண்ணம்மை பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள். அவள் தலை மீனாட்சிசுந்தரத்தின் மடியில் இருந்தது. முன்னால் மகள் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கேட்காதபடி கண்ணம்மை அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"திரும்பிப் போறதுக்கு ரெண்டு சீட்டு காமிச்சா, எமகண்டமா இருந்தாலும் போட்டுருங்க. ஒத்தையில படுத்தா எனக்குத் தூக்கம் வரல."