கடைமடை வயல்

குணாளனின் அப்பா முருகையா உயிரோடு இருந்தவரை மனமாரத் திட்டியது தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணிகளைத்தான். ரந்தாவ் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். "மர நிரைக்குள்ள எறங்காம மோட்டார்லயே உக்காந்து ரிப்போட்டு எழுதுறான் பாரு, அவன் கை வெளங்குமா?" என்பார். அந்த வசவைக் கேட்டுக்கொண்டேதான் குணாளன் சோறு தின்று வளர்ந்தார். படித்து, நகராண்மைக் கழகத்தில் குமாஸ்தாவாகி, ரஹாங்கில் வீடு வாங்கி, இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் ஒரு சொல் வாங்காமல் வேலை பார்த்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

போன வருஷம் கழகத்துக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்தது. ஊரை ஒட்டிய நெல்வயல்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனையாகிக்கொண்டிருக்க, மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று புது வாய்க்கால் வெட்டத் திட்டம் போட்டார்கள். எதில் நெல் விளைகிறது, எது தரிசு என்று நேரில் பார்த்து எழுதும் வேலை குணாளன் தலையில் விழுந்தது. விளையும் வயலுக்குத் தண்ணீர் உண்டு. தரிசுக்குக் கிடையாது.

மொத்தம் நாற்பத்தொரு வயல். நாற்பதில் வரப்பில் நடந்தே பார்த்தார். எல்லாவற்றிலும் கதிர் நின்றது. கடைசி வயலுக்கு வந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது, காலில் புதுச் சப்பாத்து. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார். ஒரே புல். ரப்பரையும் செம்பனையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் புல் மண்டினால் அது கைவிட்ட காடு. கடைமடையில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும், அதனால் அங்கே முன்கூட்டியே நட்டு, முன்கூட்டியே அறுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இறங்கியிருந்தால் புல்லுக்கடியில் நெல்தாள் காலில் குத்தியிருக்கும்.

தூரத்தில் ஒரு பெண் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்காக இருக்கும் என்று நினைத்தார். அவள் நிமிர்ந்து கையை ஆட்டினாள். மரியாதைக்கு இவரும் ஆட்டிவிட்டு, 'தரிசு' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் கழகத்துக்கே வந்து நின்றாள். பெயர் பஞ்சாலை, வயது அறுபதை நெருங்கும். அவளும் பால்மரம் வெட்டியவள்தான்; வேலை பார்த்த தோட்டம் கைமாறியபின் ஒரு ஹாஜியிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவள்.

"வாய்க்காலுக்குக் குச்சி நட்டுக்கிட்டே வந்து, என் வயலுக்கு முன்னாடி நிறுத்திட்டாங்க தம்பி. எவனோ பாக்காம எழுதிப்புட்டான் போல. தண்ணி வரலன்னா ஹாஜி நெலத்த வித்துருவாரு. நீங்க நம்ம தோட்டத்து ஆளு, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க லா."

குணாளன் கோப்பைத் திறந்தார். அவருடைய கையெழுத்து, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. "பாக்குறேன்க்கா" என்றார். பஞ்சாலை ஒரு பை அரிசியை மேசையில் வைத்தாள்.

"நம்ம வயல்ல வெளஞ்சது. வீட்டுல ஆக்கிச் சாப்பிடுங்க."

அவர் வேண்டாமென்று சொல்வதற்குள் போய்விட்டாள். மனைவி ரதி அன்று அந்த அரிசியைத்தான் ஆக்கினாள். "நல்லா இருக்கே, எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டாள். குணாளன் தட்டைத் தள்ளிவைத்தார். செத்துப்போன அப்பா எதிரில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் கூசிப்போனார்.

மறுநாள் மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாய்க்கால் வெட்டுற குத்தகை கையெழுத்தாயிருச்சு குணா. எழுதிக் குடுங்க, அடுத்த கட்டத்துல பாக்கலாம்" என்றார். அடுத்த கட்டம் எப்போது என்று இருவருக்குமே தெரியாது.

அன்று சாயங்காலம் குணாளன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைமடை வயலில் இறங்கினார்.

"அக்கா, பாக்காம எழுதுனது வேற யாரும் இல்ல. நான்தான்."

பஞ்சாலை அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு.

"மழக்கோட்டு போட்டுக்கிட்டு மோட்டார்ல வந்தது நீங்கதானா? ஆபீசுலேருந்து ஆளு வருவாங்கன்னு சொன்னாங்க தம்பி. காலையிலேருந்து ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வாங்க வாங்கன்னு எவ்ளோ நேரம் கைய ஆட்டுனேன். நீங்களும் கைய ஆட்டிட்டுப் போயிட்டீங்களே."