நான் நீக்கிய ஒரு வரி

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு தமிழ் அச்சகத்தில் நான் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த காலம். பெண்களின் உரிமைக்காகக் கூட்டம் போட்டுப் பேசும் எழுத்தாளர் அம்மா ஒருவர், வாராவாரம் எங்கள் பத்திரிகைக்குக் கட்டுரை தருவார். ஒரு வாரம், "ஞாயிற்றுக்கிழமை கணவர்கள் சமைக்கட்டும், மனைவியர் கூட்டத்துக்கு வரட்டும்" என்று எழுதியிருந்தார். என் மனைவி மீனாட்சி அந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவள். யாருக்கும் சொல்லாமல் அந்த வரியை நீக்கிவிட்டேன்.

பத்திரிகை வெளிவந்ததும் அந்த அம்மா நேரே அச்சகத்துக்கு வந்துவிட்டார். முதலாளி கொதித்தார்.

"எவனா இருந்தாலும் இன்னையோட வேலை போச்சு!"

நானே ஒப்புக்கொண்டேன். "என் வீட்டுக்காரி படிச்சிடுவாளேன்னு பயந்துட்டேன்மா."

கோபமாக வந்தவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"இவரை வேலையை விட்டு அனுப்பாதீங்க லா. ஒரு வரிக்கே இப்படிப் பயந்தார்னா, நான் நல்லாத்தான் எழுதியிருக்கேன். அடுத்த வாரம் இவரே அதைப் பெரிய எழுத்துல போடட்டும்."

போட்டேன். மீனாட்சியும் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் வைத்த ரசத்தில் உப்பே இல்லை. கூட்டத்திலிருந்து திரும்பியவள் அதைக் கவனிக்கவேயில்லை. சாப்பிட்டபடி, அங்கே நடந்ததையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சொல்ல இவ்வளவு இருக்கிறது என்பது, கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது.