துணைக்கு வந்ததாகச் சொன்னேன்

அந்தப் பொய்யை நான் உண்டாக்கவில்லை. அவள் ஒன்றை நம்பினாள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஐம்பதை நெருங்குகிற, மூன்று வசன கவிதைப் புத்தகங்கள் போட்ட ஒருத்திக்கு 'இல்லை' என்ற சொல் கிடைக்காமல் போகுமா? கிடைத்தது. வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன், கரையாத மாத்திரை மாதிரி.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது புதுச்சேரியின் கடலோரத் தெரு ஒன்றில், பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு கெஸ்ட் ஹவுஸில். நான் முன் மேசை. வருகிறவர்களின் ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்து, கடல் இந்தப் பக்கம் என்று கை நீட்டுகிறவள். அவளுக்கு அறைகள். விரிப்பு மாற்றுவது, துண்டு வைப்பது, யார் யாருடைய தலைமுடியோ அடைத்துக்கொண்ட குளியலறைக் குழியைக் கையால் சுத்தம் செய்வது. பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். வீட்டில் கொஞ்சம் நிலம், அம்மா, ஏழு வயதுப் பெண். முப்பது தாண்டியிருக்கும். என்னை அக்கா என்பாள்.

கெஸ்ட் ஹவுஸ் சொந்தக்காரரை நாங்கள் மிசே என்போம், பிரெஞ்சில் 'ஐயா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மகன். வருஷத்தில் பாதி பிரான்ஸில், பாதி இங்கே. ஒருநாள் காலை எல்லோரையும் கூப்பிட்டார். வெளிநாட்டு புக்கிங் கம்பெனி ஒன்றோடு பேசிக்கொண்டிருப்பதாகவும், மேசையில் உட்காருகிறவர்கள் பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதாகவும் சொன்னார். "மேசைக்கு இன்னோர் ஆளும் வேணும். படிச்சவங்க இருந்தா சொல்லுங்க." என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "உன்னக் கேக்க வேணாம்மா. நீ புக்கு எழுதறவ."

நானும் சிரித்தேன்.

நான் பிளஸ் டூ முடிக்கவில்லை. அப்பா வேலை பார்த்த மில் மூடிய வருஷம் கணக்கில் தோற்றேன். மறுபடி எழுதலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எழுதுவதற்கு முன்பே கல்யாணம் செய்து வைத்தார்கள். முதல் புத்தகம் வந்தபோது பின்னட்டைக்கு நாலு வரி கேட்டார்கள். 'இலக்கியம் பயின்றவர்' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. 'எங்கே' என்ற மூன்றாவது வார்த்தை இல்லாத அந்த வாக்கியத்தின் மேல் ஏறித்தான் இந்த மேசைக்கு வந்தேன், பள்ளிக்கூட விழாக்களுக்குப் போனேன், பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு துணிச்சல் வந்து, திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்குப் பணம் கட்டினேன். நான்கு பாடங்களை யாருக்கும் தெரியாமல் எழுதி முடித்தேன். மிச்சம் ஒன்றே ஒன்று: சுற்றுலாவும் விருந்தோம்பலும். தினமும் செய்கிற வேலைதானே என்று கடைசிக்கு வைத்திருந்தேன்.

மிசே பேசி முடித்ததும் அவள் கையைத் தூக்கினாள். பள்ளியில் தூக்குவது போலவே, விரலை நீட்டி. "மிசே, எனக்கு ஒரு பேப்பர்தான் பாக்கி. டூரிசம். இந்தத் தடவ எழுதறேன். பாஸாயிட்டா மேசையில போடுவீங்களா?"

"பாஸாயிட்டு வா, போடறேன்" என்றார் மிசே.

சமையல் மாஸ்டர் விடவில்லை. "என்னா, கலெக்டர் பரீட்சையா? பாத்து இரும்மா, பாத்ரூம் கழுவறதுக்கும் எண்ட்ரன்ஸ் வெச்சிடப் போறாங்க."

"வெச்சா அதுலயும் நான்தான் பஸ்ட்டு, மாஸ்டர். நீங்க பாத்திரம் கழுவறதுல பெயிலு."

எல்லோரும் சிரித்த அந்தச் சத்தத்துக்குள் நானும் சொல்லியிருக்கலாம். 'எனக்கும் அது ஒன்றுதான் பாக்கி' என்று. அதைவிட லேசான நிமிஷம் பிறகு வரவே இல்லை.

மதியம் மேசைக்கு வந்தாள். "அக்கா, நீங்க எம்.ஏ. தானே? எனக்குக் கேள்வி கேட்டு விடுவீங்களா? ஊட்டுல யாருமில்ல கேக்க."

"அதெல்லாம் எப்பவோ" என்றேன். ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. "வா, கேக்கறேன்."

பதினொரு மணிக்கு அறைகள் காலியாகும்; ஒரு மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள். அந்த இடைவெளியில் மாடியில் விரிப்புகள் அடுக்கும் அறையில் நான் ஸ்டூலில் உட்காருவேன், அவளுடைய புத்தகத்தை விரித்துக்கொண்டு. அவள் நின்றபடியே துண்டு மடிப்பாள். சோப்பு வாசமும் இஸ்திரிச் சூடும். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியாது, ஆனால் அதன் உப்பு வெள்ளைத் துணிகளில் வந்து உட்காரும். இப்படித்தான் எனக்கு எழுத வரும். தேர்வுக்கு இது உதவாது.

"விருந்தினர் புகார் சொன்னால் ஊழியர் முதலில் செய்ய வேண்டியது என்ன?"

"வாய மூடிக்கணும்."

"புத்தகத்தில கவனமாகக் கேட்டல்னு இருக்கு."

"அதான்க்கா. வாய மூடினாத்தானே காது தொறக்கும்?"

இன்னொரு நாள்: "ஒற்றையாகப் பயணம் செய்யும் பெண் விருந்தினரிடம் கவனிக்க வேண்டியவை?"

"அறை நம்பரச் சத்தமா சொல்லக்கூடாது. சாவியக் குடுக்கறப்ப பக்கத்துல எவன் நிக்கறான்னு பாக்கணும். மாடிப் படியோரம் ரூம் குடுக்கக்கூடாது." ஒரு துண்டை உதறி, "நீங்க சத்தமா சொல்றீங்கக்கா, நம்பர. நான் கேட்டிருக்கேன்" என்றாள்.

பதினைந்து வருஷமாக அந்த மேசையில் இருக்கிறேன்.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சொன்ன பதில்களை என் நோட்டில் எழுதுவேன். என்னிடமும் அதே புத்தகம் இருந்தது. ஒரு சிற்றிதழின் அட்டையைப் போட்டு மறைத்திருந்தேன். அவளுடைய பேச்சைப் புத்தகத் தமிழுக்கு மாற்றி மனப்பாடம் செய்தேன். அடுத்த நாள் போய் அவளையே திருத்தினேன். அவள் எனக்கு வாழைப்பழம் கொண்டுவருவாள், கீரை கொண்டுவருவாள், நிலத்து வேர்க்கடலை அவித்துக் கொண்டுவருவாள். "உங்களுக்கு நேரம் வீணாவுதுக்கா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பாள். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேர்வன்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு விடுப்பு எடுத்தாள். மிசே ஒரு பேனா கொடுத்தார். நான் முந்தின நாளே பல் வலி என்று எல்லோரிடமும் சொல்லி விடுப்பு எடுத்தேன். ஊரில் எத்தனையோ பள்ளிகள். எனக்கு இங்கேயே கதிர்காமம் பகுதியில் ஒரு பள்ளியில் போட்டிருந்தார்கள். அவளுக்கு எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டால் அவளும் என்னைக் கேட்பாளோ என்ற மாதிரி, பேச்சு அந்தப் பக்கம் போனாலே எழுந்துவிடுவேன்.

பள்ளி வாசலில் நின்றிருந்தாள். நீலப் புடவை, பூ, நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். என் கை தானாகவே ஹால் டிக்கெட்டை மடித்து ரவிக்கைக்குள் செருகியது. நான் அதற்கு உத்தரவு போடவில்லை. போட்டிருந்தால் இத்தனை சுத்தமாகச் செய்திருக்காது.

"அக்கா! எனக்காகவா வந்தீங்க? துணைக்கா?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு 'ஆமா'தான் அவளைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்ன பொய்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பல் வலியோட வந்துருக்கீங்களே. போனு, பை எதுவும் உள்ள உட மாட்டாங்களாம்க்கா, எங்க வெக்கறதுன்னு முழிச்சிக்கினு இருந்தேன். சாமி மாதிரி வந்தீங்க." பையையும் போனையும் என் கையில் திணித்தாள். குனிந்து என் காலைத் தொடப் போனாள். தோளைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே போனாள். மணி அடித்தது.

நான் வெளியே நின்றேன். அவளுடைய பை ஒரு தோளில், என்னுடையது இன்னொன்றில். முதல் அரை மணி நேரம் வரை உள்ளே விடுவார்கள் என்று விதி. வாசல் காவலாளிக்கு மேலே ஒரு கடிகாரம். மருத்துவமனைக்குப் போகிற ஆட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் யாருக்கோ நிஜமான ஒரு வலி. எனக்கு மட்டும் இல்லாத பல்வலி. போய்விடலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், வேறு ஊரில் மையம் கேட்டுக்கொள்ளலாம். ஐந்து நிமிஷம். பத்து. பதினெட்டு.

அவளுடைய போன் அடித்தது. எடுத்தேன். அவள் அம்மா.

"உள்ள பூட்டாளா? நீ டீச்சரம்மாதான? அவ சொல்லிக்கினே இருப்பா. பெத்தவ நான் ஒண்ணும் செய்யல, நீ செஞ்சம்மா. உன் புள்ளகுட்டி நல்லா இருக்கும்."

"போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் நிற்க முடியவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். அந்த வாழ்த்துக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் ஓடியதுதான். எதிரே செராக்ஸ் கடை. அங்கிருந்த பெண்ணிடம் இரண்டு பைகளையும் கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்து, காவலாளியிடம் ரவிக்கையிலிருந்து எடுத்த வியர்வை ஈரக் காகிதத்தை நீட்டினேன். "இன்னும் நாலு நிமிஷம்தான்மா, ஓடுங்க" என்றார்.

அறைக்குள் நுழைந்ததும் கண்காணிப்பாளர் என் எண்ணைச் சத்தமாகப் படித்தார். "கடைசி பெஞ்ச். ஏம்மா இவ்ளோ லேட்டு?"

இரண்டாவது வரிசையில் நீலப் புடவை திரும்பியது. என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். அவள் பேனா ஓடாமல் நின்ற நேரத்தை நான் முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பதிலுக்கு உண்டான நேரம் இருக்கும். அது அவளுக்கு என்னால் போன மதிப்பெண்.

கடைசிக் கேள்வி பெரியது. முதியவர் இருவர் உள்ள ஒரு குடும்பத்துக்கு உங்கள் ஊரில் ஒரு நாள் பயணத் திட்டம் தயாரிக்கவும். நான் காலை ஆறு மணியின் கடலில் ஆரம்பித்தேன். வெளிச்சம் பாறைகளில் ஏறுவதை எழுதினேன். மஞ்சள் சுவர்களை எழுதினேன், மீன் அங்காடியின் சத்தத்தை எழுதினேன், பழைய மில் சங்கு ஊதாத மாலையை எழுதினேன். தாளை வாங்கிக்கொண்டார்கள். என் திட்டத்தில் அந்த இரண்டு கிழவர்களும் பகல் முழுக்க நின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு நான் சோறு போடவில்லை. உட்காரக்கூட வைக்கவில்லை.

வெளியே அவள் காத்திருந்தாள்.

"என் பை?"

"செராக்ஸ் கடையில. அம்மா போன் பண்ணாங்க."

"என்னா சொன்னாங்க?"

"உள்ள போயிட்டியான்னு."

பைகளை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். அங்கே நின்றதும் கேட்டாள்: "கடைசிக் கேள்வி என்னாக்கா எழுதுனீங்க?" சொன்னேன். "பாத்ரூம் எங்க போவாங்கன்னு எழுதலையா? நான் அதத்தான் மொதல்ல எழுதினேன். எட்டு மணிக்கு டிபன், பன்னெண்டு மணிக்கு ரூமுக்குக் கூட்டியாந்து படுக்க வெச்சிரணும், மறுபடி நாலு மணிக்குத்தான் வெளியன்னு." பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? நீங்க மட்டும்தானே எனக்குக் கேள்வி கேட்டீங்க. உங்கள யாரும் கேக்கலியே. நான் கேட்டு உட்டிருப்பேன்ல?"

திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. நான் கேட்டது வேறு.

"கெஸ்ட் ஹவுஸ்ல யாருக்கும் சொல்லாத."

"சரிக்கா" என்றாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள். நான் சில மதிப்பெண்களில் விழுந்திருந்தேன். சமையல் மாஸ்டர் கேசரி கிண்டினார். அவள் எனக்கு முதல் கிண்ணத்தைக் கொடுத்து, "அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள், எல்லோர் முன்னாலும், என் முகத்தைப் பார்க்காமல். எல்லோரும் கை தட்டினார்கள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரக் கடைசியில் மிசே மேசைக்கு வந்தார். "ரெண்டு பேர் சர்டிஃபிகேட்டும் அனுப்பணும். அவளுது வந்துடுச்சி. உன்னுது எங்கம்மா?"

இப்போது மேசைக்கு மாறியிருந்த அவள், பக்கத்தில் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் இன்னொரு பொய் சொன்னால் அதையும் அவள் காப்பாற்றப் போகிறாள் என்பது தெரிந்தது. அது எனக்குத் தாங்கவில்லை.

"இல்ல மிசே. நான் பாஸ் பண்ணல."

"எதுல?"

"அதே பரீட்சையில. அவகூடத்தான் எழுதினேன்."

மிசே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தினி வருஷமா?"

"இத்தினி வருஷமா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் வீட்டுக்குப் போய் அதைப் பற்றி எழுதியிருப்பேன். யோசித்துவிட்டு, "லிஸ்ட்ல அவ பேர் மட்டும்தான் போவும். நீ உக்காரு, எழுது. கையெழுத்து அவ போடட்டும். நீ பாஸானா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. வருகிறவர்களின் விவரத்தை நான் எழுதுகிறேன். பதிவேட்டை அவள் பக்கம் திருப்புகிறேன். அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். இரண்டு முறை என் பிழையைத் திருத்தினாள். போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், என் நரையைப் பார்த்து, என்னிடமே பேனாவை நீட்டி, "நீங்கதானே மேனேஜர்?" என்றார்.

"இல்ல, அவங்க" என்றேன். குரல் சரியாக எழும்பவில்லை. அவருக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது, பேனாவை நீட்டியபடியே நின்றார். மறுபடியும் சொன்னேன்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.