தொண்டையில் நின்றுபோன 'கூடாது'

தமுக்கடிக்கிறவனுக்குத் தோல் இரண்டு, கையிலிருக்கிற தமுக்கில் ஒன்று, தொண்டைக்குள்ளே ஒன்று. தமுக்குத் தோல் கிழிந்தால் மதகடிப்பட்டுச் சந்தையில் வேறு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.

நான் பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூர் மேரியில் தமுக்கு அடித்தவன். மேரி என்றதும் வெளியூர்க்காரர்கள் மாதா கோயில் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் சீமையில் கொம்யூன் கச்சேரிக்கே மேரி என்றுதான் பெயர், அதன் தலைவருக்கு மேர். என் வீட்டுக்காரி பெயரும் ஆரோக்கியமேரி. ஆக, பகலெல்லாம் ஒரு மேரிக்கும் பொழுது சாய்ந்தால் ஒரு மேரிக்கும் பதில் சொல்லிப் பிழைத்தவன் நான். கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததுதான் படிப்பு. உத்தரவைக் குமாஸ்தா வாசித்துக் காட்டுவார். ஒரு தரம் காதில் வாங்கினால் எனக்குப் போதும், ஊர் ஊராகப் போய் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். என் காதைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. அந்தக் காதுதான் என் தொண்டையைக் கெடுத்தது.

தின்றது நெஞ்சுக்கு ஏறி, தொண்டையில் உமி ஒட்டின மாதிரி நாள் முழுக்கச் செருமிக்கொண்டே இருக்கிற புண்ணியவான்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நானும் உங்கள் கூட்டம்தான். செருமிவிட்டு மேலே படியுங்கள்.

வெள்ளைத் தகடு

வரப்பிலும் கரையிலும் நடந்து நடந்து எனக்கு முட்டி போயிற்று. தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ. மாசேர் என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷி. தமிழ் மட்டும் ஒரு கைப்பிடிதான் தெரியும். அன்றைக்கு எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று வட்ட வட்டத் தகடு. அரிசிமாவில் செய்த இரண்டு தகட்டை ஒட்டி, நடுவில் தூளை வைத்திருந்தார்கள். கஷே என்று அதற்குப் பெயராம்.

நான் வேதக்காரன். கோயிலில் நன்மை வாங்குகிறபோது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பமும் இதே வெள்ளை, இதே வட்டம், கொஞ்சம் மெலிசு, அவ்வளவுதான். கொடுக்கிறவரும் அங்கி போட்டவர். அவர் தன் பல்லைத் தொட்டுக் காட்டி, விரலை ஆட்டினார். பல் படக் கூடாது என்று அர்த்தம். நன்மைக்கும் அதுதான் சட்டம். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். என் காதில் விழுந்தபடி அச்சு அசலாக எழுதுகிறேன்: "நோன்பு. வெறும் வயிறு."

உத்தரவு செரிக்கவில்லை

நன்மை வாங்குகிறவனும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நோன்பிருந்துதான் போகிறான். எனக்கு எல்லாம் பொருந்திப்போயிற்று. விடிந்ததும் முகம் கழுவி, சிலுவை போட்டு, முழங்காலில் நின்று, கண்ணை மூடி நாக்கில் வைத்துக்கொள்வேன். முட்டிவலி மருந்தை முட்டி போட்டு வாங்கினவன் இந்தச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தகடு கரையும். தூள் முதலில் இனிக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் கரிக்கும், அப்புறம் அடித்தொண்டையில் சுர்ரென்று இழுக்கும். தண்ணீர் குடிக்க மாட்டேன், மரியாதை இல்லை. முழங்கால் வலிக்கிறதே என்று பாயில் கொஞ்சம் சாய்ந்துகொள்வேன். பத்தே நாளில் முட்டி குணமாகிக்கொண்டே வந்தது. நெஞ்சில் புளிப்பு ஏறிக்கொண்டே வந்தது.

ஒருநாள் நாலு தெரு கூடுகிற இடத்தில் நின்று தமுக்கடித்து, "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கிறது என்னான்னா, மேர் துரை உத்தரவு" என்று ஆரம்பித்தேன். உத்தரவுக்குப் பிறகு வார்த்தை வரவில்லை. ஏப்பம் வந்தது. புளித்த ஏப்பம், தமுக்கை விடப் பெரிய சத்தம். கூட்டம் மரியாதையாக நின்றது. முன்னால் இருந்த முனுசாமிக் கவுண்டர் கேட்டார்: "செரிக்காதது உனக்கா சவரி, மேர் துரைக்கா?"

ஆளுக்கொரு வைத்தியம்

தொண்டை கட்டினவனைக் கண்டால் ஊரில் எல்லோரும் வைத்தியர். மிளகைக் கடித்து ரசத்தை இறக்கு என்றார் ஒருத்தர். சித்தரத்தையை ஒதுக்கிக்கொள் என்றார் இன்னொருத்தர். சுக்குக் கஷாயம் போட்டார்கள். கள்ளுக்கடைக்காரர் தன் கடை மருந்தைச் சொன்னார், அதையும் பார்த்தேன். எல்லாமே எரிகிற அடுப்பில் வரட்டி வைத்த கதைதான். தகட்டின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. சோறு வேண்டுமென்றால் தட்டைக் காட்டுவேன், வேண்டாமென்றால் கையைக் காட்டுவேன். வீட்டுக்காரி மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் தன் தம்பி பெண்டாட்டி சங்கதியை ஆதியிலிருந்து அந்தம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, கஞ்சியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இப்பதான்யா நான் பேசறது உன் காதுல வுழுது. இன்னும் ரெண்டு நாள் இப்படியே இரு."

குளத்தில் மாடு

எனக்குத் தொண்டை ஒரேயடியாகப் போய்விடவில்லை. அப்படிப் போயிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். ஆரம்பத்தில் நாலு வார்த்தை கணீரென்று வரும். போகப் போக இளைத்து, கடைசியில் காற்றுதான் வரும். நம் பாஷையில் காரியமான சொல் எங்கே நிற்கிறது பாருங்கள். கடைசியில். செய்யலாமா கூடாதா என்பது முழு வாக்கியமும் போன பிறகுதான் தெரியும்.

கழிச்சல் நோய் பரவுகிறது என்று மேரியில் ஓர் உத்தரவு போட்டார்கள். குடிக்கிற குளத்தில் மாடு கழுவக் கூடாது. நானும் போய்த் தமுக்கடித்துச் சொன்னேன். 'மாடு கழுவ' வரைக்கும் ஊருக்குக் கேட்டது. 'கூடாது' என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் அந்தப் பக்கம் போகிறேன், குளம் முழுக்க மாடு. எந்த நாளும் குளத்தில் மாடு இறக்காதவர்கள்கூட இறக்கியிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வைக்கோல் பிரியால் காளையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார் முனுசாமிக் கவுண்டர். நான் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதானடா வந்து மாடு கழுவன்னு சொல்லிட்டுப் போன? மேர் உத்தரவாச்சேன்னு வண்டி மாட்டையும் அவுத்து ஓட்டியாந்துக்கிறேன்."

மூன்று வாரம்

சங்கதி மேரிக்குப் போயிற்று. குமாஸ்தா கத்துகிற மனுஷர் இல்லை. மேசையில் இருந்த காகிதத்தை எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டார். பெரிய ஏரி மதகு திறக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் வாய்க்கால் ஓரத்து ஊர்களுக்கெல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். காய்ந்த வாய்க்காலில் புல் அறுக்கிறவர்கள் இருப்பார்கள், மாட்டைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். எனக்கு நிலம் இல்லை, நீச்சு இல்லை. இருப்பது ஒரு தமுக்கு. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "கொளம் கலங்குனா தெளிஞ்சிடும் சவரி. 'வாய்க்கால்ல எறங்கக் கூடாது'ல அந்தக் கூடாது வுட்டுப்போச்சுன்னா ஆளு போயிடும். மூணு வாரம் இருக்குது. அதுக்குள்ள தொண்டை வரலன்னா, தமுக்க இங்க வெச்சிட்டுப் போ."

முன்னால் வந்த கூடாது

இரண்டு நாள் யோசித்தேன். முதல் நாலு வார்த்தைதான் வருகிறது என்றால், காரியமான சொல்லை முதலில் போட்டால் என்ன? அடுத்து வந்த உத்தரவு, கரும்புத் தோகையை ரோட்டில் போட்டு எரிக்கக் கூடாது. தெருவில் நின்று தமுக்கை அடித்தேன். "கூடாது, கூடாது, கூடாது" என்று மூன்று தரம் கணீரென்று போட்டேன். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, மிச்சத் தொண்டையில் தோகையைச் சொன்னேன். ஒருத்தரும் தோகை எரிக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் மூச்சு வாங்குகிற அந்த இடைவெளி ஊருக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது. கூடாது என்று கேட்ட இடத்திலேயே அவரவர் கை அப்படியே நின்றுபோகும். ஒரு வீட்டு வாசலில், ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "எது கூடாதுன்னு நீ சொல்ற வரைக்கும் நான் அடுப்பு ஊதலாமா, கூடாதாப்பா?"

முட்டி போட்டு வாங்கின மருந்து

தகடு தீர்ந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொண்டைக்காகப் போகவில்லை, முட்டிக்காகத்தான். அன்றைக்கு மாசேரோடு கம்பவுண்டரும் இருந்தார், நம்ம ஊர் மனுஷர். நான் வாயைத் திறந்ததும் வந்த சத்தத்தைக் கேட்டு மாசேர் பயந்துபோனார். கரண்டிக் காம்பை நாக்கின் மேல் வைத்து உள்ளே பார்த்தார். ரத்தச் சிவப்பாக இருக்கிறது என்று கம்பவுண்டர் சொன்னார். மாசேர் ஒரு தகட்டை எடுத்து, நீ எப்படிச் சாப்பிடுகிறாய், காட்டு என்று சைகை செய்தார்.

காட்டினேன். விசுப்பலகையைப் பிடித்து மெல்ல முழங்காலில் நின்றேன். சிலுவை போட்டேன். கைகூப்பிக் கண்ணை மூடி நாக்கை நீட்டினேன். நாக்கில் ஒன்றும் வந்து விழவில்லை. கண்ணைத் திறந்தேன். மாசேர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். கம்பவுண்டர்தான் என் தோளைத் தொட்டார்: "இது நன்மை இல்ல சவரி, முட்டிவலித் தூளு."

ஒரு 'பு'

மாசேருக்கு அப்போதும் ஒன்று விளங்கவில்லை. காலையில் கஞ்சி குடித்தாயா என்று வயிற்றைக் காட்டிக் கேட்டார். இல்லை மாசேர், நீங்கள் சொன்னபடி நோன்பிருந்துதான் என்றேன். அவர் தலையிலடித்துக்கொண்டார். "நோன், நோன்... வெறும் வயிறு" என்றார். அதைத்தான் மாசேர் நானும் சொல்கிறேன், நோன்பு, வெறும் வயிறு என்றேன். "நோன்" என்று இன்னும் அழுத்திச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேரியில் குமாஸ்தா ஒருநாளைக்கு ஐம்பது தரம் நோன் என்பார். வேண்டாம், இல்லை, கூடாது எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் அது ஒன்றுதான். மாசேர் கூடாது என்பதை முதலில் போட்டிருக்கிறார், நான் தெருவில் போட்டேனே அதே மாதிரி. கூடாது, வெறும் வயிறு. நான்தான் அங்கியையும் தகட்டையும் பார்த்துவிட்டு நோன்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் தூளே வேண்டாம், மிளகும் கள்ளும் வேண்டாம், கஞ்சியும் மோரும் போதும் என்றார்கள். அப்புறம் வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு, தகட்டைத் தண்ணீரில் நனைத்து விழுங்கி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, படுக்காமல் இருக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டுக் கம்பவுண்டர் பலகையில் உட்கார்ந்து, சிரித்த சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ சொன்னதுல ஊருக்கு ஒரு கூடாது கொறைஞ்சிது. மாசேர் சொன்னதுல உனக்கு ஒரு 'பு' கூடிப்போச்சு. நடுவுல தொண்டை போச்சு."

மதகு

தூளை நிறுத்தின வாரம் முட்டி பழையபடி பிடித்துக்கொண்டது, எரிச்சல் இறங்கியது. ஒன்று வந்தால் ஒன்று போகிறது. மூன்று வாரம் முடிகிறபோது பழைய தொண்டை முக்கால்வாசி வந்திருந்தது. வாய்க்கால் ஓரத்து ஊருக்கெல்லாம் நொண்டி நொண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இருந்தாலும் திறக்கிற அன்றைக்கு என்னை ஏரிக்கரையில் நிற்கச் சொன்னார் குமாஸ்தா. பார்த்தால், தூரத்து வளைவில், வாய்க்காலின் அடியில், ஒரு ஆள் குனிந்து புல் அறுக்கிறார். பக்கத்தில் இரண்டு காளை. மதகடியில் ஆட்கள் திருகில் கை வைத்துவிட்டார்கள். குமாஸ்தா அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்தார்.

தமுக்கை அடித்தேன். அன்றைக்கு எனக்கு எதை முன்னால் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று யோசிக்க நேரமில்லை. "கூடாது" என்றேன், "வாய்க்கால்ல எறங்கக் கூடாது" என்றேன், மறுபடியும் "கூடாது" என்றேன். கடைசிக் கூடாது முழுசாகப் போய், எதிர்க்கரையில் இருந்த கொக்கெல்லாம் எழுந்தது. குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். முனுசாமிக் கவுண்டர். அரிவாளை இடுப்பில் செருகி, புல்லுக்கட்டைத் தலையில் தூக்கி, காளைகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றி, தானும் ஏறி வந்து என் முன்னால் நின்றார். குமாஸ்தா கையை இறக்கினார். தண்ணீர் வருகிற சத்தத்தில் கவுண்டர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: "கேக்குதுடா சவரி, கேக்குது. கூடாதுன்னா ஒரு தரம் கூடாதுன்னு சொன்னா போதாதா?"

ஆகையால், செருமுகிற கூட்டாளிகளே, மருந்தை வாங்குகிறபோது ஆண்டவனை நினைத்துக்கொள்ளுங்கள், விழுங்குகிறபோது தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்.