முடிஞ்ச மாதிரிதான்

போன செவ்வாய்க்கிழமை காலை. ஒரு கையில் மகளின் ஷூ, மறு கையில் லேப்டாப், காதில் ஹெட்செட்.

என் வேலை உங்களுக்குத் தெரியும் — அட்டுவம்பட்டி வீட்டில் இருந்தபடியே, ஒரு பெரிய கம்பெனியின் ஒன்பது சாஃப்ட்வேர் குழுக்களைச் சேர்த்து ஓட்டுவது. ஒரு குழு முடித்தால்தான் அடுத்த குழு தொடங்க முடியும். யார் முடித்தார்களோ அவர்களுக்கு ஆன்லைன் போர்டில் நான் பச்சை போட வேண்டும்.

"ஜெனி, லாகின் பக்கம் என்னாச்சு?"

"முடிஞ்ச மாதிரிதாங்க்கா."

ஜெனி திண்டுக்கல் பெண். குழுத் தலைவியாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. வெளியே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. பச்சை போட்டுவிட்டு ஓடினேன்.

நம் பக்கம் 'முடிஞ்ச மாதிரி' என்றால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? ஆனால் அன்றைக்குக் காதில் 'முடிஞ்ச' மட்டும்தான் விழுந்தது...

வியாழக்கிழமை, அந்தப் பக்கத்தை நம்பித் தொடங்கிய நான்கு குழுக்கள் அப்படியே நின்றுவிட்டன. மேலாளர் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினார். "ஜெனியை மாத்திரலாமா?"

தப்பு என்னுடையது என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னைப் பற்றி வருமோ? குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து 'இவளால் முடியுமா' என்று யாரும் கேட்டதில்லை. நான்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால்... அந்தப் பெண் பொய் சொல்லவில்லையே?

மாலை, மேலாளரும் எல்லாக் குழுத் தலைவர்களும் இருந்த கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "முடிஞ்ச மாதிரின்னுதான் ஜெனி சொன்னாங்க. அதுக்குப் பச்சை போட்டது நான்."

முதலில் மதுரைக் குழுத் தலைவர் சரவணன் வாயைத் திறந்தார்.

"நீங்க சொன்னதால சொல்றேங்க. எங்க பச்சையும் அந்த மாதிரிப் பச்சைதான்."

"ஏலே, நேத்து எங்கிட்ட முடிஞ்சு கெடக்குன்ன?" — இது அவருடைய நண்பர் பாண்டி, இன்னொரு குழுத் தலைவர்.

"கெடக்குன்னுதான்ல சொன்னேன். ஓடுதுன்னா சொன்னேன்?"

மேலாளரே சிரித்துவிட்டார். கூட்டம் முடிவதற்குள் ஒன்பதில் ஐந்து சிவப்பாகிவிட்டன. ரிலீஸ் பத்து நாள் தள்ளிப்போனது. ஜெனி அதே இடத்தில் இருக்கிறாள்.

பயமில்லாமல் 'இல்லை' சொல்ல ஓர் இடம் கிடைத்தால், மனிதர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள் போல.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு முன்பே ஜெனி அழைத்தாள். "அக்கா, வெள்ளனே சொல்லிர்றேன். இன்னைக்கும் முடியாது."

இந்த வருஷம் நான் கேட்ட நிம்மதியான செய்தி அதுதான்.