ரப்பர்த் தூள்மேல் போட்ட பழி

பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் அந்தப் பட்டறை அவர் மனைவியின் தம்பியுடையது. அங்கே அவருக்குப் பெயர் கல்லு. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று எப்போதோ பீற்றிக்கொண்டதற்கு மச்சான் வைத்த பெயர். தேய்ந்த டயரை இயந்திரத்தில் சுழலவிட்டு மேல்பரப்பைச் சுரண்டுவது அவர் வேலை. சுரண்டச் சுரண்டத் தூள் பறக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பு, துப்பினால் கறுப்பு, குளித்த தண்ணீரும் கறுப்பு. வருஷக்கணக்காக இப்படி வாழ்கிற மனுஷனுக்குக் கறுப்பைப் பார்த்தால் பயம் வருமா?

அங்கேதான் வந்தது வினை.

வயிறு முதன்முதலில் எரிந்தபோது டாக்டரிடம் ஒழுங்காகத்தான் போனார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு, சில வாரம் போட்டுவிட்டுத் திரும்ப வந்து காட்ட வேண்டும், முதுகு வலிக்குப் போடும் மாத்திரையைத் தொடவே கூடாது என்று அவரும் படித்துப் படித்துச் சொன்னார். சில நாளில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கூடவே டாக்டர் சொன்னதும் போன இடம் தெரியவில்லை. அப்புறம் அதே கேஸ் மாத்திரையை மருந்துக்கடையில் தானே வாங்கித் தன் இஷ்டத்துக்குத் தினமும் போட்டார். லாரி டயர் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால் வலி மாத்திரையும் உள்ளே போகும்.

"அது எரிக்கும், இது அணைக்கும். சரிக்குச் சரி மச்சான்!" என்று கண்ணடிப்பார். வலி மாத்திரை சமாசாரம் மனைவிக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும்.

ஒருநாள் மலம் தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுத்துப் போனது. நாற்றம் வேறு. "இத்தனை தூளை முழுங்குறோம், வேற எந்தக் கலர்ல போகும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்ணீரை ஊற்றினார். படி ஏறினால் மூச்சு வாங்கியது, வயசாகிறது என்றார்.

"முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"இத்தனை நாள் கறுப்பா இருக்கேன்னு புலம்புனே, இப்ப வெளுத்தாலும் குத்தமா?" என்று மழுப்பினார். வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ரப்பரை வேகவைக்கும் பெரிய கலன் பழுதாகி, பட்டறை ஒரு வாரத்துக்கும் மேல் மூடிக் கிடந்தது. மனுஷன் வீட்டில் தூங்கி எழுந்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. நகக்கண்ணில்கூட அழுக்கில்லை. ஒரு காலையில் கழிவறையில் குனிந்து பார்த்தார். அதே தார்.

தூள் கிடையாது. பட்டறையே கிடையாது. அப்புறம் இது என்ன? வயிற்றில் வலிகூட இல்லையே! நெஞ்சு படபடத்தது. எழுந்தார்; சுவர் சாய்ந்தது. தாழ்ப்பாளைப் பிடிக்கப் போன கை வழுக்கியது. வெளியே மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். உயிர் ஊசலாடும்போதும் அதைத்தான் யோசித்தார் என்றால் என்ன சொல்வது? கண் இருட்டிக்கொண்டு வந்ததும் வீறாப்பெல்லாம் காற்றில் பறந்தது. கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. வாளியைக் காலால் உதைத்தார். மெஷின் நின்றது.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார். "என்னென்ன மாத்திரை போடுறீங்க?"

மனைவி முந்திக்கொண்டாள். "கேஸ் மாத்திரை மட்டும்தாங்க. அதுல ஒரு நாள் தவறமாட்டார்."

"வேற? மறைக்காதீங்க. உள்ளே ரத்தம் போயிட்டிருக்கு."

மனைவியின் கை அவர் தோளில் இருந்தது. அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"முதுகு வலி மாத்திரை. அநேகமா தினமும். ஒரு மாசமா கறுப்பாத்தான் போகுது."

தோளிலிருந்த கை விலகியது.

குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் ஆழமான புண்; அதன் நடுவே ஒரு ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தது. கிளிப் போட்டு அடைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள்.

"கேஸ் மாத்திரை எரிச்சலை அமுக்கிடுச்சு, அதனால உங்களுக்குத் தெரியலை. வலி மாத்திரை புண்ணைத் தோண்டிக்கிட்டே இருந்திருக்கு. கறுப்பாப் போனது அந்த ரத்தம்தான்," என்றார் டாக்டரம்மா. "இன்னும் தாமதிச்சிருந்தா ஆளே இல்லை. இனிமே நாங்க சொல்ற வரைக்கும், சொல்ற மாதிரி போடுங்க. நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா வருஷக்கணக்குல நீட்டவும் கூடாது. வயித்துல புண்ணுக்குக் காரணமான கிருமி இருக்கான்னும் பார்க்கணும்."

டாக்டரம்மா போனதும் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க போய்ச் சேர்ந்திருந்தா, பட்டறைத் தூள்தான் கொன்னுச்சுன்னு நினைச்சிருப்பேன். என் தம்பி முகத்துல சாகுற வரைக்கும் முழிச்சிருக்க மாட்டேன்."

"பயந்துட்டேன்," என்றார். "நீ திட்டுவேன்னு."

"சாவுக்குப் பயமில்லை, எனக்குத்தான் பயமா?" என்று கேட்டுவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.